‘இன்னிக்கு வந்துடுவாங்க மேடம்’

ஃபிரிட்ஜையும் ஏசியையும் ரிப்பேர் பார்க்கக் காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணிக்குள் ஆள் வருவார், வீட்டில் யாராவது இருங்கள் என்று கூசாமல் சொல்கிறார்களே, எட்டு மணி நேரம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க எந்த வீட்டில் ஆள் இருக்கிறது? நான் வேலைக்குப் போகிறவள். என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர். ஆனால் ரிப்பேர்காரருக்காக லீவு போட வேண்டியது மட்டும் எப்போதும் நான்தான், ஏனென்றால் போன் செய்கிறவர்களே “மேடம் வீட்ல இருப்பீங்கல்ல?” என்றுதான் கேட்கிறார்கள். “சார் இருப்பாரா?” என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை. லீவு போட்டுவிட்டு, குளிக்கப் போனால்கூட போனை வெளியே பக்கெட் மேல் வைத்துவிட்டுக் குளித்து, மதியம் கண் அசந்தால் காலிங் பெல் கேட்காமல் போய்விடுமோ என்று தூங்காமல் கிடந்து, ஆறு மணிக்கு நாமே போன் செய்தால் “டெக்னீஷியன் உங்களுக்கு கால் பண்ணினாராம், நீங்க எடுக்கலையாம் மேடம், நாளைக்கு கண்டிப்பா வந்துடுவாங்க” என்கிறார்கள். என் போனில் மிஸ்டு கால் ஒன்றுகூட இல்லை. பச்சைப் பொய்.

இது நடப்பது வேலூரில், அக்னி நட்சத்திரத்தில். நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று இந்த ஊரைப் பற்றிப் பழைய சொலவடையே உண்டு. சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் கக்கும். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. மேல் தளத்தில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், கான்கிரீட் கூரைக்கு அடியில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். மாடித் தொட்டித் தண்ணீரில் மதியம் கை வைக்க முடியாது. இப்படி ஒரு ஊரில், இப்படி ஒரு மாதத்தில், ஃபிரிட்ஜும் ஏசியும் ஒரே ராத்திரியில் போனால் அந்த வீடு என்ன பாடுபடும் என்று அந்த கஸ்டமர் கேர் அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாதா?

எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது நடந்திருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. முதலில் லோ வோல்டேஜ், ஃபேன் மாடு செக்கு சுற்றுகிற மாதிரி சுற்றும். அப்புறம் ஒரு ஃபேஸ் போகும், பாதித் தெரு இருட்டு. இதையெல்லாம் பழகிவிட்டோம். ஆனால் எங்காவது மின்சாரம் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி அறுந்தால்தான் சனியன். நியூட்ரல் போய்விட்டால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 300, 350 என்று எகிறி வரும், சில வீட்டில் 400 வரைக்கும் போகலாம். அன்றைக்கு ட்யூப்லைட் பளீரென்று எரிந்தது, ஃபேன் பேய் பிடித்த மாதிரி சுற்றியது, கருகல் வாடை வந்தது. மெயினை அணைக்க இவர் ஓடுவதற்குள் ஃபிரிட்ஜின் எலக்ட்ரானிக் போர்டு காலி, ஏசியும் நின்றுவிட்டது. எங்கள் வரிசையில் எத்தனையோ வீட்டில் டிவி போய்விட்டது.

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அட்டையிலேயே போட்டிருக்கிறது. திறந்ததைச் சாதாரண அறையில் நான்கு வாரம் போல வைக்கலாம் என்பார்கள், ஆனால் அவர்கள் சொல்லும் அறை 25, 30 டிகிரி அறை. எங்கள் சமையலறை மதியத்தில் அப்படியா இருக்கிறது? இன்சுலின் சூட்டில் வீரியம் போனால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, சர்க்கரை ஏறின பிறகுதான் தெரியும். பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டி வைத்து, அதற்குள் இன்சுலினை வைத்து ஈரத்துணி மூடி, மணல் காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன். அது கொஞ்சம் குளிர்ச்சி தரும், ஃபிரிட்ஜ் ஆகாது. புதிதாக வாங்கிய பாட்டில்களைத் தெரு முனையில் இருக்கும் மருந்துக்கடை அண்ணன் தன் ஃபிரிட்ஜில் பெயர் எழுதி வைத்துக்கொண்டார். காசு வாங்கிக்கொண்டு வாரண்டி கார்டு கொடுத்தவனுக்கு இல்லாத அக்கறை ஒரு மருந்துக்கடைக்காரருக்கு இருந்தது. இதை நான் போனில் ஒவ்வொரு முறையும் சொன்னேன். “வீட்டில் இன்சுலின் போடுகிற பெரியவர் இருக்கிறார், கொஞ்சம் முன்னுரிமை கொடுங்கள்” என்று கெஞ்சினேன். “நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்” என்றார்கள். எங்கே நோட் பண்ணினார்கள்?

மற்றதெல்லாம் சொன்னால் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் சமையலறையில் நிற்பவளுக்கு அது சின்ன விஷயமில்லை. சாயங்காலம் அரைத்த மாவு ராத்திரிக்குள் பொங்கி வழிந்து காலையில் வாயில் வைக்க முடியாத புளிப்பு. பால் காய்ச்சுவதற்குள் திரிகிறது. மதியக் குழம்பு ராத்திரிக்கு ஊசிப்போகிறது. அதனால் மூன்று வேளையும் அந்த அனலில் அடுப்புக்கு முன் நிற்க வேண்டும், அதுவும் அளவாக. சின்னவளுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு, ராத்திரி சொறிந்து சொறிந்து அழுகிறாள். ஜன்னலில் ஈரப் புடவை கட்டி, மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றி எப்படியாவது சமாளிக்கலாம் என்றால் அதற்குத் தண்ணீர் வேண்டுமே! லோ வோல்டேஜில் போர் மோட்டார் உறுமுகிறதே தவிர தண்ணீர் ஏறவில்லை. அப்புறம் உறுமலும் நின்றது.

வாரண்டிக்கு வருகிறேன். வாங்கும்போது ஃபிரிட்ஜ் கதவில் பெரிதாக ஒட்டியிருந்தது, ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று. கடையில் விற்றவரும் அதைத்தான் பெருமையாகச் சொன்னார். இப்போது போர்டு போய்விட்டது என்று சொன்னால், “வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் வரும் சேதம் வாரண்டியில் வராது” என்று சட்டம் பேசுகிறார்கள். அப்படியென்றால் ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று எந்தத் தைரியத்தில் ஒட்டினீர்கள்? கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அது கம்ப்ரஸர் என்கிற அந்த ஒரு உருப்படிக்கு மட்டும். போர்டு, கேஸ், ஆள் கூலி, வந்து போகிற செலவு எல்லாம் நம் தலையில். கெட்டுப்போவது பெரும்பாலும் போர்டும், மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெபாசிட்டரும், கேஸ் ஓடுகிற காயில் குழாயில் கசிவும்தான் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கெடாததற்கு வாரண்டி கொடுக்கிறார்கள்.

ஏசி கதை இன்னும் மோசம். ஒருவழியாக ஆள் வந்தார், அவுட்டோர் யூனிட்டைத் திறக்கக்கூட இல்லை, “கேஸ் இல்ல மேடம், ஃபில் பண்ணணும்” என்றார். 3,000 ரூபாய்க்குக் குறையாது. ஒன்று சொல்கிறேன், எல்லோரும் நினைவில் வையுங்கள். ஏசி கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓடி ஓடித் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசிவு எங்கே என்று பார்த்து அடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் வைத்து இழுத்துவிட்டு, எடை பார்த்து நிரப்புவதுதான் முறை. அதைச் செய்யாமல் சும்மா ஏற்றினால் அடுத்த வெயிலுக்குள் மறுபடி போகும், மறுபடி காசு. வோல்டேஜ் எகிறி நின்ற ஏசிக்கு இவர் ஏன் கேஸ் போடச் சொல்கிறார்? “கெபாசிட்டரைப் பார்த்தீங்களா தம்பி?” என்று கேட்டேன். முகம் மாறியது. அப்புறம் பார்த்தால் அவுட்டோரில் கெபாசிட்டர் உப்பிப்போய் இருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான். அதுவும் அவர் பையில் இல்லை, “ஆர்டர் போடணும், பார்ட் வந்ததும் வரேன்” என்று கிளம்பினார்.

கிளம்பும்போதுதான் அந்த வேலை. “மேடம், உங்க போனுக்கு ஒரு கோட் வந்திருக்கும், சொல்லுங்க.” அது எதற்கான கோட்? வேலை முடிந்தது, எனக்குத் திருப்தி என்று நான் சொல்வதற்கான கோட். வேலையே ஆரம்பிக்காமல் திருப்தியா? சொல்ல மாட்டேன் என்றேன். மறுநாள் காலையில் “உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்” என்று மெசேஜ் வந்து நிற்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்தில் கை நடுங்கியது. மறுபடி போன், மறுபடி அந்த இசை, ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும், மறுபடி முதலிலிருந்து முழுக்கதையும் புது ஆளிடம். புதுப் புகார் எண். கணக்கில் பார்த்தால் பழைய புகார் ஒரே நாளில் தீர்ந்தது, புதிய புகார் இன்றுதான் வந்தது. மேலே உட்கார்ந்திருக்கும் மேனேஜர் பார்க்கிற திரையில் எங்கள் வீடு குளுகுளுவென்று இருக்கும்.

அந்தத் தம்பிமேல் எனக்கு முழுக்கோபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டேன். கால், அதாவது ஒரு புகார், க்ளோஸ் ஆனால்தான் காசாம், சம்பளம் என்று தனியாகக் கிடையாதாம். பெட்ரோல் அவர் செலவு. ஒரு நாளைக்கு முடிக்கவே முடியாத அளவு புகார்களை மே மாதத்தில் ஒரே ஆள் தலையில் கட்டுகிறார்கள். மதியம் இரண்டு மணி வெயிலில், மூன்றாவது மாடி சன்ஷேடில், இடுப்பில் கயிறுகூட இல்லாமல் நின்று அவுட்டோரைக் கழற்றுகிற பிள்ளைகள் அவர்கள். காய்ந்துபோன உதடு, கறுத்துப்போன கழுத்து. கூட்டத்துக்கு விற்கத் தெரிந்த கம்பெனிக்கு, அந்தக் கூட்டத்துக்குத் தக்க ஆள் வைக்க மட்டும் ஏன் மனசு வரவில்லை? ஏப்ரல் முழுக்க ஆஃபர், வட்டியில்லாத் தவணை, மறுநாளே டெலிவரி. விற்பனைக்கு மறுநாள், ரிப்பேருக்கு மறு வாரம். அந்தப் பிள்ளைகளையும் எங்களையும் மோதவிட்டு நடுவில் காசு எண்ணுகிறார்கள், என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

மோட்டார் விஷயத்தில் வந்த பெரியவரைப் பாருங்கள். கம்பெனியும் இல்லை, டோல் ஃப்ரீ நம்பரும் இல்லை. காலையில் ஆறு மணிக்கு வருகிறேன் என்றார், ஆறு மணிக்கு வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு “கெபாசிட்டர் போச்சும்மா, காயில் நல்லா இருக்கு, மோட்டாரைத் தூக்க வேணாம்” என்றார். தூக்கணும் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், ஆயிரக்கணக்கில் வாங்கியிருக்கலாம். மாற்றிப் போட்டுவிட்டு, வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரைப் போடவே போடாதீர்கள் என்று நின்று சொல்லிவிட்டுப் போனார். இந்த நேர்மையும் இந்த நேரம் தவறாமையும் ஒரு தனி மனிதரால் முடிகிறது.

தமிழ்நாட்டு அரசு 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்திருக்கிறது. பேரிடர் காலத்தில் முதியவரும் குழந்தையும் இருக்கும் வீட்டில் ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓடுவது ஆடம்பரமா? 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை’க்கு என்று ஒரு இணையதளமே தொடங்கியது, வீட்டுச் சாதனங்களும் அதில் வருகின்றன. நல்லது. ஆனால் வேலூரில் அந்த போர்டு கிடைக்கவில்லை என்றால் உரிமையை வைத்து நான் என்ன செய்வது? மார்ச்சிலேயே மாவட்டத்துக்கு இவ்வளவு போர்டு, இவ்வளவு கெபாசிட்டர் இருப்பு வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும். எட்டு மணி நேரம் என்று சொல்லாமல் இரண்டு மணி நேரத்துக்குள் என்று நேரம் கொடுக்க வேண்டும், வராவிட்டால் எனக்கு நஷ்டமான ஒரு நாள் சம்பளத்தை அவர்கள் கொடுக்க வேண்டும். கொரியர்காரர் எந்தத் தெருவில் வருகிறார் என்று போனில் காட்ட முடிகிறவர்களுக்கு இது முடியாதா?

நான் இதை விடப்போவதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. கதவில் ஒட்டியிருந்த அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்தாயிற்று, தீர்க்கப்பட்டது என்று வந்த மெசேஜையும் எடுத்து வைத்திருக்கிறேன், கூப்பிட்ட போன் கால்களின் பட்டியலும் இருக்கிறது. வேலை முடியாமல் போனுக்கு வரும் அந்த கோட் எண்ணை யாரும் சொல்லாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லாதீர்கள். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் ஃபிரிட்ஜ் போர்டைக் கழற்றிச் சரிசெய்து கொடுக்கிற நல்ல மெக்கானிக் யாராவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள், அத்தையின் மருந்து இன்னும் கடைக்காரர் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது.