அந்த மொட்டைச் சுவர் அப்படியே இருக்கட்டும்

ஃப்ளோரன்ஸ் நகரின் நடுவே, சான் லொரென்சோ தேவாலயத்தின் வாசலில் நின்றுகொண்டே தேவாலயம் எங்கே என்று தேடியவன் நான். வந்து சேர்ந்துவிட்டாய் என்கிறது கைப்பேசி. எதிரே பூசாத சுவர். பழுப்புக் கற்கள் வரிசை வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கின்றன, மேஸ்திரி மதியச் சாப்பாட்டுக்குப் போய் இன்னும் திரும்பாத மாதிரி. ஒரு பொந்தில் புறா.

அந்த மேஸ்திரி வேறு யாருமில்லை, மைக்கேலாஞ்சலோ. ஃப்ளோரன்ஸைக் கையில் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்திலிருந்து போப் ஆன பத்தாம் லியோ, 1516-ல் முகப்பு வேலையை அவரிடம் ஒப்படைத்தார். மனிதர் மலையே கதியென்று கிடந்து, பளிங்கு வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே வருடங்களைத் தொலைத்தார். 1520-ல் ஒப்பந்தம் ரத்து. எஞ்சியது மரத்தில் செய்த ஒரு மாதிரி. இதே ஊரில் காசா புவொனாரோத்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2011-ல் மேயராக இருந்த மத்தேயோ ரென்சி, இப்போதாவது அந்த முகப்பைக் கட்டிவிடலாமா, மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தலாம் என்று கிளப்பினார். கட்டவில்லை. நல்லவேளை! பக்கத்திலேயே கதீட்ரல் முன்னால் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த வண்ணப் பளிங்கு முகப்பு 1887-ல்தான் முடிந்தது என்று? அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஊருக்கு அப்படி ஒன்று போதும்.

சரி, உள்ளே போனால் வேறு உலகம். இதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கியின் கணக்கு அப்படி. சாம்பல் கல், வெள்ளைச் சுவர், கிட்டத்தட்ட இரண்டே நிறம். தூணும் வளைவும் புள்ளிக்கோலம் போல ஒரே இடைவெளியில் ஓடுகின்றன. நடந்துகொண்டே இருந்தவன் என்னை அறியாமல் அடியை அளந்து வைக்க ஆரம்பித்தேன். பீடத்துக்கு முன்னால் தரையில் வண்ணக்கல் வட்டங்கள். 1464-ல் இறந்த கொசிமோ மெடிச்சியின் அடையாளம் அது. உடல் இருப்பது அதற்கு நேர் கீழே, அந்தத் தரையைத் தாங்கும் தூணுக்குள். அவர் ஆதரித்த சிற்பி தொனாதெல்லோவும் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். காசு கொடுத்தவரும் வேலை செய்தவரும் அக்கம்பக்கத்தில்! எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

வெளியே வருமுன் ஒரு தடவை திரும்பி, வாசலுக்கு மேலே பாருங்கள். புனிதர்களின் திருப்பண்டங்களை மக்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு சின்ன மாடம் இருக்கும். மைக்கேலாஞ்சலோ வடிவமைத்தது. வெளியே மொட்டையாக நிற்கிறதே, அதே சுவரின் உள்பக்கம்தான் அது.