கடைசி ரயிலுக்கு முன்னால் ஒரு பீர்

போன வெள்ளிக்கிழமை அலுவலகப் பார்ட்டி விவகாரம் இங்கே பலருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பார் பார்க்கலாமா என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதிய நான்கு வரிகளை யாரோ படம் பிடித்து வெளியே விட்டிருக்கிறார்கள். "இந்த அம்மாவை யார் பார்ட்டிக்குக் கூப்பிட்டது?" என்று அதன் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் ஏழு பேர் என்னோடு தினமும் மதியம் சாப்பிடுகிறவர்கள். நான்கு வரியில் சொன்னது போதவில்லை போலிருக்கிறது. விரிவாகவே சொல்கிறேன்.

வேலை முடிந்து பத்துப் பேர் சேர்ந்து குடிப்பதற்கு ஒரு பாரைத் தேர்ந்தெடுக்கிறவர், அந்தப் பத்துப் பேரும் வீடு திரும்பும் வழியையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். நான் சொன்னது இவ்வளவுதான். குடிக்காதே என்று யாருக்கும் நான் புத்தி சொல்லவில்லை. நானும் குடிக்கிறவள்தான். ஒரு பீர், சில நாட்களில் இரண்டு. அதை யாரிடமும் மறைத்ததில்லை.

எங்கள் அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. மின்சார ரயில், மெட்ரோ, பஸ் மூன்றும் நடக்கும் தூரம். அதை விட்டுவிட்டு, மொட்டைமாடியில் கடல் காற்று வரும் என்பதற்காகப் பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூர் தாண்டி ஒரு ஹோட்டலுக்குப் போனோம். அந்தச் சாலையில் மெட்ரோவுக்கு இன்னும் வேலைதான் நடக்கிறது, ரயில் ஓடவில்லை. பதினோரு பேர், 29,150 ரூபாய் பில். ஆளுக்கு 2,650 என்று சமமாகப் பிரித்தார்கள். ஒப்பந்த முறையில் சேர்ந்து நான்கு மாதமான தம்பி ஒருவன் எங்களோடு வந்திருந்தான். மாதச் சம்பளம் 18,000. குடிக்க மாட்டான். இரண்டு லைம் சோடாவும் ஒரு தட்டு வேர்க்கடலையும் அவன் கணக்கு. சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, கூடுவாஞ்சேரிக்குப் போக டாக்சிக்கு 740 ரூபாய் தனியாகக் கொடுத்தான். கிண்டியிலேயே இருந்திருந்தால் சீசன் டிக்கெட்டில் போயிருப்பான்.

"குழுவில் வாக்கெடுப்பு வைத்தோமே, அப்போது ஏன் பேசவில்லை?" என்கிறார்கள். வைத்தீர்கள். மூன்று இடங்கள் கொடுத்தீர்கள், மூன்றுமே அந்தச் சாலையில்தான் இருந்தன. மேலாளர் முதல் ஆளாக ஒன்றுக்கு வாக்களித்த பிறகு, நான்கு மாதமான பையன் வேறு ஒன்றுக்கு விரலை வைப்பானா? நான் பேசியிருக்க வேண்டும். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மறுநாள் காலையிலேயே எழுதினேன்.

"அப்படியென்றால் எல்லாரும் டாஸ்மாக் பாருக்குப் போகலாமா?" என்று ஒரு கேள்வி. இதைக் கேட்டவர் ஒரு பெண்ணோடு ஒருமுறையாவது அங்கே போய் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். 2003 இறுதியில் சில்லறை விற்பனை முழுவதையும் அரசு நிறுவனம் எடுத்துக்கொண்ட பிறகு, இந்த ஊரில் சாதாரண மனிதன் குடிப்பதற்கு இருப்பது கடையும் கடையை ஒட்டிய பாரும்தான். நான் எட்டிப் பார்த்த எந்த பாரிலும் பெண்களுக்குக் கழிவறை இருந்ததில்லை. ஆண்களுக்கு இருந்ததும் கழிவறை என்று சொல்லும்படி இல்லை. ஈரத் தரை, உடைந்த நாற்காலி, பிளாஸ்டிக் டம்ளர். உழைத்துவிட்டு வருகிறவனுக்கு இவ்வளவு போதும் என்று யார் முடிவு செய்தது? இதை விட்டால் பார் நடத்த எஃப்.எல். 3 என்ற உரிமம் உள்ள நட்சத்திர ஹோட்டல். கிளப் என்றால் உறுப்பினராக இருக்க வேண்டும். கையைக் கடிக்காத, மரியாதையாக உட்காரக்கூடிய நடுத்தர இடம் சென்னையில் மிகக் குறைவு. குறைவாக இருப்பதால்தான் தேடிப் பிடிக்க வேண்டும் என்கிறேன். ஹோட்டல் பார் என்றே ஆன பிறகு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோட்டலைப் பார்க்கக்கூடாதா?

பெங்களூரில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். 2014இல் எங்கள் பக்கத்து மெட்ரோ பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. சாலை வரை மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குழுத் தலைவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும், கன்னடக்காரர். வெள்ளிக்கிழமை மாலை எழுந்து நின்று, "இன்றைக்கு ரொம்ப தூரம் போகிறவர் யார்?" என்று முதலில் கேட்பார். பிறகுதான் இடம் முடிவாகும். எனக்கு இந்திரா நகர் மெட்ரோ என்பதால் பெரும்பாலும் சர்ச் தெருப் பக்கம். பில் வந்ததும் குடித்ததைத் தனியாகவும் சாப்பிட்டதைத் தனியாகவும் பேனாவால் கோடு போட்டுப் பிரிப்பார். அதை யாரும் கஞ்சத்தனம் என்று சொன்னதில்லை. நான் முதன்முதலில் ஒரு பாரில் பயமில்லாமல் உட்கார்ந்தது அந்த மனிதர் பக்கத்தில்தான். ஒன்பதரைக்கு என் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

கஞ்சப் பிசினாரி என்று என்னைச் சொன்னவர்களுக்குப் பதில் எழுத மனம் வரவில்லை. என் பங்கை அங்கேயே கொடுத்துவிட்டேன். குடிக்காதவன் ஏன் வந்தான் என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒன்று: அவன் பீருக்காக வரவில்லை, உங்களோடு உட்கார வந்தான். பகல் முழுவதும் அவனை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.

பணத்தை விடுங்கள். அன்றைக்கு அங்கிருந்து கிளம்பும்போது பதினொன்றரை. நான்கு பேர் பைக்கை எடுத்தார்கள், நான்கு பேரும் குடித்திருந்தார்கள். நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் குற்றம், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். போலீஸ் எந்தத் திருப்பத்தில் நிற்கும் என்பதுதான் அவர்களுடைய பேச்சாக இருந்தது. சாவியைக் கேட்டேன். "அக்கா, மூன்று பெக் எல்லாம் ஒன்றுமே செய்யாது" என்றான் ஒருவன்.

என் சித்தப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 1998, செங்கல்பட்டு பக்கம், சக ஊழியரின் பணி ஓய்வு விருந்து. அவர் பெரிய குடிகாரர் இல்லை. அந்த இடத்திலிருந்து ராத்திரியில் பஸ் கிடையாது, அதனால் ஸ்கூட்டரில் போனார், அதிலேயே திரும்பினார். வழியில் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. சித்தி அன்றிலிருந்து இன்றுவரை அந்த விருந்துக்குக் கூப்பிட்டவரின் பெயரை உச்சரித்ததில்லை. ராத்திரி பஸ் இல்லாத ஊரில் விருந்து வைத்தவர் அவர். கெட்டவர் இல்லை, யோசிக்காதவர்.

இப்போது நீங்கள் சிரித்த நான்கு வரிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "அடுத்த முறை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பார்க்கலாமா" என்றுதானே கேட்டிருக்கிறேன்? இதற்கா அந்தச் சிரிப்பு?

அந்தத் தம்பி நேற்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான். "அக்கா, என்னால்தானே உங்களுக்கு இவ்வளவு பேச்சு? இனிமேல் நான் வரவில்லை." படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்த வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குக் கிண்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு ஹோட்டல் பாரில் இருப்பேன். அவனை வரச் சொல்லியிருக்கிறேன், லைம் சோடா என் கணக்கு. வருகிறவர்கள் வரலாம், அவரவர் குடித்ததற்கு அவரவர் கொடுக்கலாம். பைக்கை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒன்பதரைக்கு எழுந்துவிடுவோம்.