நெரிசலைக் குறைத்தது தனியார் சிறையா?
கலிபோர்னியா தனியார் சிறைகளை (அரசிடம் கட்டணம் வாங்கி நிறுவனங்கள் நடத்தும் சிறைகளை) கொண்டுதான் தன் சிறைகளின் நெரிசலைத் தீர்த்தது என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2006இல் அவசரநிலை அறிவித்து, ஆயிரக்கணக்கான கைதிகளை அரிசோனா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களின் தனியார் சிறைகளுக்கு அனுப்பினார்கள், சரி. ஆனால் அதற்குப் பிறகும், 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைதிகளின் எண்ணிக்கையைச் சிறைகளின் கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொல்ல வேண்டி வந்ததே! உண்மையில் கூட்டம் குறைந்தது, சிறு குற்றவாளிகளை மாவட்டச் சிறைகளிலேயே வைக்கும் சட்டம் 2011இல் வந்த பிறகும், 2014இல் மக்கள் வாக்களித்து சின்னத் திருட்டு, போதைப்பொருள் வைத்திருத்தல் போன்றவற்றுக்குத் தண்டனையைக் குறைத்த பிறகும்தான். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் 'தனியாரிடம் செலவு குறைவு' என்று எழுதியிருக்கிறார். கடுமையான நோய் உள்ளவர்களைப் பொதுவாக வெளிமாநிலத்துக்கு அனுப்பவில்லை. வைத்தியச் செலவு அதிகம் பிடிக்கும் கைதிகள் அரசுச் சிறையிலேயே இருந்தார்கள், அப்புறம் எப்படி இரண்டையும் ஒப்பிடுவது? நான் கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் அரிசோனா சிறையில் இருந்தான். ஒரு முழு நாள் காரில் போனால்தான் பார்க்க முடியும். மூன்று வருடத்தில் இரண்டே முறை போய் வந்தார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. 'படுக்கைக்கு இவ்வளவு டாலர்' என்ற கணக்கில் இது எந்த வரியில் வருகிறது? வெளிமாநிலத்தில் இருந்தவர்களை 2019க்குள் முழுவதும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டே தனியார் சிறை ஒப்பந்தங்களைத் தடுக்கும் சட்டமும் வந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.