அந்த எகிப்துக் காலுறை நிட்டிங் அல்ல

மண்டேலா நாளுக்குப் போர்வை பின்னும் நம் தென்னாப்பிரிக்க டர்பன் நகர அக்காமார் படத்துக்குக் கீழே, "எகிப்தில் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே நிட்டிங் இருந்தது, இந்தச் சிவப்புக் காலுறையே சாட்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். காலம் ஏறக்குறைய சரிதான் அண்ணே. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அது கி.பி. 250–420 காலத்தது. ஆனால் ஒற்றை ஊசியில், சிறு சிறு துண்டு நூலைக் கோர்த்து, கண்ணிக்குள் முழுதாக இழுத்துச் செய்தது. நிட்டிங் என்றால் நீள நூல், குறைந்தது இரண்டு ஊசி. நுனியை இழுத்தால் மளமளவென்று பிரிந்துவிடும். இந்தக் காலுறை அப்படிப் பிரியாது. (செருப்பு வாருக்காகப் பெருவிரலைத் தனியாக விட்டிருக்கிறார்களே, அந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லுங்கள்!) உண்மையான நிட்டிங்கின் மிகப் பழைய துண்டுகளும் எகிப்தில்தான் கிடைத்தன. ஆனால் அவை இஸ்லாமிய ஆட்சிக் காலத்து நீல-வெள்ளைப் பருத்திக் காலுறைகள், பல நூற்றாண்டுகள் பிந்தியவை.