கணப்பில்லாத அறையில் இருந்தவர்களுக்காக ஒரு மாளிகை

போன ஜனவரியில் மகளைப் பார்க்க பாஸ்டன் போயிருந்தேன். அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும்தான். ஒருநாள் பொறுக்காமல் ரயிலேறி காப்லி சதுக்கத்தில் இறங்கினேன். முகத்தை அறுக்கிற குளிர். கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. எதிரே அரண்மனை மாதிரி ஒரு கட்டிடம். கிட்டே போனால் நடுவாசலுக்கு மேலே கல்லில் செதுக்கியிருக்கிறது: 'எல்லாருக்கும் இலவசம்'. அதுதான் பாஸ்டன் பொது நூலகம்.

உள்ளே போனேன். யாரும் சீட்டு கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை, எதற்கு வந்தாய் என்றும் கேட்கவில்லை. மஞ்சள் சலவைக்கல் படிக்கட்டு. இருபுறமும் இரண்டு சிங்கங்கள், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட மாசசூசெட்ஸ் படைப்பிரிவுகளின் நினைவாக. மேலே ஏறினால் பேட்ஸ் கூடம். 218 அடி நீளம், 50 அடி உயரம், கூண்டு வண்டியின் கூண்டைப் போல வளைந்த கூரை. நீள நீள மேசைகளில் பச்சை மூடி போட்ட விளக்குகள். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தாள் புரளும் சத்தம்தான் கேட்கிறது. நான் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அந்தக் கூடத்துக்குப் பெயர் கொடுத்த ஜோஷுவா பேட்ஸின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். மாசசூசெட்ஸில் பிறந்தவர். பாஸ்டனில் பையனாக வேலை பார்த்த காலத்தில் அவரிடம் புத்தகம் வாங்கக் காசில்லை. தங்கியிருந்த அறையில் கணப்பு மூட்டவும் வழியில்லை. சாயங்காலங்களில் ஒரு புத்தகக் கடையில் போய் உட்கார்ந்து படிப்பார். கடைக்காரர்கள் விரட்டவில்லை, படிக்க விட்டார்கள். பின்னாளில் லண்டனில் பெரிய வங்கியாளர் ஆனார். பாஸ்டனில் பொது நூலகம் தொடங்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1852-ல் 50,000 டாலர் தருவதாகக் கடிதம் எழுதினார். கூடவே நிபந்தனைகளும் வைத்தார். கட்டிடம் நகரத்துக்கே அணிகலனாக இருக்கவேண்டும். நூறு, நூற்றைம்பது பேர் மேசையில் உட்கார்ந்து படிக்க இடம் வேண்டும். எல்லாருக்கும் முழுக்க இலவசமாக இருக்கவேண்டும்.

இலவசம் என்பதை யாரும் கேட்டிருப்பார்கள். அழகாகவும் இருக்கவேண்டும் என்று சேர்த்துக் கேட்டார் பாருங்கள், அதைத்தான் நான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். குளிரில் நடுங்கிப் படித்தவருக்குத்தான் அது தோன்றும். ஏழைப் பையன் உட்காருகிற நாற்காலி நல்ல நாற்காலியாக இருக்கட்டும், அவன் தலைக்கு மேல் இருக்கிற கூரை அண்ணாந்து பார்க்கிற கூரையாக இருக்கட்டும் என்று அவர் விரும்பியிருக்கிறார்.

இதெல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1854-ல் அந்த நூலகம் திறந்தபோது ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தின் இரண்டு அறைகள்தான். நான் பார்த்த மாளிகை சார்லஸ் மெக்கிம் வடிவமைத்தது, 1895-ல் திறந்தது. அதன் நெற்றியில் 'மக்களால் கட்டப்பட்டது' என்றும் பொறித்திருக்கிறார்கள். 2021-லிருந்து, தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் அபராதமும் கிடையாது.

'படிக்கத்தானே வருகிறார்கள், நாலு சுவரும் ஒரு டியூப்லைட்டும் போதாதா' என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஏற்கவில்லை. சிறுவயதில் நான் போன கிளை நூலகம் ஒழுகுகிற ஓட்டு வீட்டில் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு அலமாரியை இழுத்து நடுவில் போட்டுவிடுவார்கள். நனைந்து உப்பிய புத்தகங்களைக் கையில் எடுக்கும்போது, நமக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று அந்த வயதிலேயே மனதில் பதிந்துபோனது. நூலகர் அன்பானவர்தான். ஆனால் கட்டிடமும் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

நம்மால் முடியாததா? பாஸ்டன் மாளிகை திறந்த அடுத்த ஆண்டே, 1896-ல், சென்னையில் கன்னிமாரா நூலகம் திறந்தது. அதன் பழைய கூடத்தின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, இப்போது மதுரையிலும் ஒன்று வந்திருக்கிறது. இரண்டுக்கும் மனதார வாழ்த்து. ஆனால் சிற்றூர்ப் பிள்ளை தினமும் நடந்து போகிற தூரத்தில் இருப்பது கிளை நூலகம்தான். 1948-ல் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம். அப்படியானால் நம் தெருக்கோடி நூலகமும் மக்களால் கட்டப்பட்டதுதான். அங்கே காற்றோட்டமான ஒரு அறை, நல்ல வெளிச்சம், முதுகு வலிக்காத நாற்காலி, சுத்தமான கழிப்பறை வேண்டும் என்று வரி ரசீதைக் காட்டி உரிமையோடு கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

அன்று பேட்ஸ் கூடத்தில் எனக்கு எதிர் மேசையில் ஒரு பெரியவர் இருந்தார். காலடியில் இரண்டு பெரிய பைகள், மேலுக்கு மேல் போட்ட மூன்று சட்டைகள். வீடில்லாதவர் என்றுதான் எனக்குப் பட்டது. முன்னால் ஒரு தடித்த வரலாற்றுப் புத்தகம். பக்கம் திருப்பும் முன் ஒவ்வொரு முறையும் விரல்களை விளக்கின் பச்சை மூடிக்குக் கீழே காட்டிச் சூடாக்கிக்கொண்டார். ஊழியர் ஒருவர் அந்த வழியாகப் போனார். அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பக்கத்தில் யாரோ விட்டுப்போன புத்தகங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.