"செடி எல்லாத்தையும் குடிச்சிடும்" என்றவருக்கு

நேற்றுக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், காணொளியைப் பார்த்திருப்பீர்கள். "கழிவுநீரைக் கடலோரச் சதுப்புநிலத்தில் விட்டால் என்ன, செடிக்கு அது உரம்தானே, எல்லாத்தையும் குடிச்சிடும்" என்றார் மேடையில் பேசியவர். கைதட்டினார்கள். நான் எழுந்து மறுத்தபோது, "புத்தகத்தில் படித்ததைப் பேசாதீங்கம்மா" என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

செடி உறிஞ்சும், சரி. ஆனால் உறிஞ்சுவது வேர். அந்த வேர் மூச்சுவிட வேண்டும். நேற்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

கடலோரச் சேற்றில் கொஞ்சம் ஆழம் போனாலே ஆக்சிஜன் கிடையாது. தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக மேலிருந்து இறங்கும் காற்றில்தான் வேர் பிழைக்கிறது. உரச் சத்தான நைட்ரஜன் அங்கே பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும். அதை உள்ளே இழுக்க வேருக்குச் சக்தி வேண்டும். கடல்மட்டம் உயர்ந்து தண்ணீர் வடியாமல் நின்றால் காற்று குறையும், சல்பைடு சேரும். அழுகிய முட்டை நாற்றம் வருமே, அதுதான். அது வேருக்கு நஞ்சு. உப்பு கூடினால் அம்மோனியத்தோடு சோடியம் போட்டிக்கு நிற்கும். கிடைத்த நைட்ரஜனிலும் ஒரு பங்கு, உப்பைத் தாங்கும் சேர்மங்களைச் செய்யவே போய்விடும். ஆக, போன வருடம் குடித்த அளவை அதே செடி இந்த வருடமும் குடிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

புத்தகமாம். ஆய்வு மாணவியாக இரண்டு வருடம் வேர் கழுவியவள் நான். உரம் போட்ட பாத்தியில் புல் கரும்பச்சையாக, இடுப்பளவு நின்றது. சந்தோஷமாக வழிகாட்டியிடம் ஓடினேன். "கீழே தோண்டிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். தோண்டினேன். உரம் போடாத பாத்தியில் வேர் பாய் மாதிரி மண்ணைப் பின்னிப் பிடித்திருந்தது. உரம் போட்ட இடத்தில் சேறு விரலிடுக்கில் வழிந்து ஓடியது. சோறு வாசலுக்கே வந்தால் எந்தச் செடி வேரை வளர்க்கும்?

என் பாத்தியை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிளம் தீவுக் கழிமுகத்தில், ஓதநீரில், அதாவது கடல் ஏறும்போது உள்ளே வரும் நீரில், சத்துகளைக் கலந்து ஒன்பது வருடம் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது: இலை கூடியது, வேர் குறைந்தது, ஓடைக் கரைகள் சரிந்து விழுந்தன. அலையாத்தி மரங்களுக்கு உரமிட்டுப் பார்த்தவர்கள் 2009இலேயே எழுதிவிட்டார்கள்: வறட்சியும் உப்பும் சேரும் இடங்களில், உரம் பெற்ற மரங்கள்தான் அதிகம் செத்தன.

"அப்படியென்றால் செடிகளை வைத்துக் கழிவுநீரைச் சுத்திகரிப்பதே தவறா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கென்றே கட்டும் குளங்கள் வேறு. அங்கே எவ்வளவு விடுவது என்பது நம் கையில் இருக்கிறது.

"காற்றில் கரியமில வாயு கூடுகிறதே, செடி இன்னும் நன்றாக வளருமே" என்றும் ஒருவர் பின்னூட்டம் போட்டிருக்கிறார். சில கோரைகள் வளரும்தான். எல்லாப் புல்லும் அப்படி இல்லை. நைட்ரஜனைக் கொட்டினால், கரியமில வாயுவால் அதிகம் பலன் பெறாத புல்லே அங்கே மேலோங்கவும் கூடும்.

"வளர்ச்சிக்கு எதிரி" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? கரை சரிந்தால் முதலில் தண்ணீர் ஏறுவது யார் வீட்டில்? மேடைக்காரர் வீட்டிலா?

நேற்றுத் திரையில் போட்ட படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எல்லாம் இலை. ஒரு வேர்கூட இல்லை.