சம்பள நாளில் மடித்து வைக்கிற காணிக்கை

இலங்கை மலையகத்தில் ஊழியத்தைப் பற்றிப் பேசும்போது வைராக்கியம், உபவாசம், அபிஷேகம் என்று நிறையப் பேசுகிறோம். பணக்கணக்கைப் பற்றி யாராவது வாய் திறந்தால் மட்டும் உடனே ஒரு வசனத்தைச் சொல்லி அடக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தேயிலைத் தோட்டத்து மக்கள் மத்தியில் ஊழியம் செய்கிறவருடைய உண்மை முதலில் தெரிய வேண்டிய இடம் அவருடைய கணக்குப் புத்தகம்தான்.

அந்தக் காணிக்கை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2024இல் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதுவும் முழுப்பேர், அதாவது முழு நாள் கணக்கு, விழுந்தால்தான். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். சேமலாப நிதி, அட்வான்ஸ், சங்கச் சந்தா எல்லாம் கழித்துக் கைக்கு வரும் மிச்சத்தில் கடைக்கடன் இருக்கிறது, நுண்கடன் தவணை இருக்கிறது, பிள்ளையின் டியூஷன் காசு இருக்கிறது. அவ்வளவுக்கும் பிறகு ஒரு அக்கா தசமபாகத்தை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, கவரில் மடித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறார். அந்தக் கவரைத் திறக்கிற கைக்குப் பயம் வேண்டும். அவரிடமே 'இன்னும் விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்' என்று மைக்கில் கேட்டு வாங்குவதைப் பாவம் என்றே நான் சொல்வேன்.

கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்கிறவர்கள் வேதத்தையே திறந்து பார்க்கட்டும். சாமுவேல் நரைத்த தலையோடு ஜனங்கள் முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், சாட்சி சொல்லுங்கள் என்று தானாகவே கேட்டார். பவுல் எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தன் கையில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் அந்தப் பயணத்தில் சேர்த்துக்கொண்டார். அப்போஸ்தலருக்கே அது தேவையாக இருந்தது!

நம் மலையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கோவாவிலிருந்து 1687இல் வந்தார் யோசப் வாஸ் அடிகளார். டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலம். பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் நடமாடினார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டியில் அம்மை பரவியது. ஓட முடிந்தவர்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். கைவிடப்பட்ட நோயாளிகளை வாஸ் அடிகளாரும் அவருடைய உறவினரான கர்வாலோ அடிகளாரும் எடுத்துக் கவனித்தார்கள், செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். நோயாளி எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. 1711இல் கண்டியிலேயே மரித்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம் பக்கத்திலிருந்தும் சனம் பஸ் பஸ்ஸாகப் போனது. நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனால் 24 வருடம் ஊருக்குத் திரும்பாமல் இருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நடுங்குகிறது. அம்மை வந்த வீட்டுக்குள் போவதில் அவருக்கு என்ன லாபம்?

இன்னொருவர் லியோ நாணயக்கார ஆயர். 1959 முதல் கண்டி ஆயர். 1972இல் பதுளை மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தபோது, பழைய பேராலயமும் பெரிய பள்ளிக்கூடங்களும் இருந்த கண்டியை விட்டுவிட்டு, வசதி குறைந்த பதுளைக்குப் போனார். 1982இல் இறக்கும்வரை அங்கேதான். பெரிய இடத்திலிருந்து சின்ன இடத்துக்குத் தானே விரும்பிப் போன ஊழியர்கள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்?

எங்கள் புரொட்டஸ்தாந்துப் பக்கத்து வரலாறு அவ்வளவு சுத்தமில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1854இல் கோப்பிக் காலத்தில் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' வழியாகத்தான் புரொட்டஸ்தாந்து சுவிசேஷம் பல தோட்டங்களுக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியார்கள் மலை மலையாக நடந்தார்கள். அவர்களுடைய பாடு சாதாரணமானதல்ல. ஆனால் அந்த மிஷனுக்குத் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். துரையின் பணத்தில் சாப்பிடுகிற உபதேசியார், அதே துரை ஒரு தொழிலாளியின் கூலியைப் பிடித்துவைத்தால் எந்த வாயால் கேட்பார்? இந்தக் கேள்வி பழசாகிவிடவில்லை. இன்று துரைக்குப் பதிலாக வெளிநாட்டு நன்கொடையாளர் இருக்கிறார். அவருக்கு அனுப்புவதற்காக அரிசிப் பையை வாங்குகிற அம்மாவைப் பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறோம். அந்த அம்மாவின் முகம் யாருடைய ஃபோனிலெல்லாம் சுற்றுகிறது என்று அவருக்கே தெரியாது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். சாமானைக் கொடுங்கள், பில்லை அனுப்புங்கள்.

2004இல் ஜாதிக ஹெல உறுமய என்ற சிங்கள பௌத்தக் கட்சி கட்டாய மதமாற்றத்துக்கு எதிரான சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது நாமெல்லாம் கொதித்தோம். கொதித்தது சரிதான், மனச்சாட்சிக்குப் பூட்டுப் போட எந்த அரசுக்கும் உரிமையில்லை. ஆனால் 'காசு கொடுத்து மாற்றுகிறார்கள்' என்ற பழிக்கு நம்மிடம் எழுத்தில் என்ன பதில் இருந்தது? ஒரே லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், சுவருக்கு அந்தப் பக்கம் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம் நம்மைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் பாடுவதைவிட, வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கிறோமா என்பதைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள்.

அப்புறம், ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது நியாயமில்லை. நம் பாஸ்டர்மாரில் பலர் உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலி வந்தால் த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர் அவர்தான். மழைக்கு மண்சரிந்தால் லயத்துச் சனம் போய் நிற்பது அவருடைய சபை மண்டபத்தில்தான். மனைவி மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துத்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. இப்படிப்பட்டவருக்கு நிலையான மாதச் சம்பளம் ஒன்றை முடிவு செய்து கொடுக்காமல், 'விசுவாசத்தில் நடக்கட்டும்' என்று விட்டுவிடுகிறோமே, அது நம்முடைய நேர்மைக் குறைவு. சம்பளம் இல்லாதவரை நன்கொடையாளர் பின்னால் ஓட வைப்பது சபைதான். பிறகு அவர் காணிக்கையை எண்ணும்போது சந்தேகப்படுவதும் அதே சபைதான். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்கள் சுவிசேஷத்தால் பிழைக்கலாம் என்று எழுதின பவுலே, கொரிந்துவில் கூடாரம் செய்து சாப்பிட்டார். அந்தத் தெரிவு அவருடையது. அதை நம் பாஸ்டர் தலையில் கட்டாயமாகக் கட்ட நமக்கு உரிமை கிடையாது.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. காணிக்கையை எண்ணும்போது பாஸ்டர் வீட்டார் அல்லாத இரண்டு பேர் உட்காரட்டும், அதில் ஒருவர் கொழுந்து எடுக்கிற பெண்ணாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஆராதனை முடிந்ததும் வரவையும் செலவையும் தமிழில் சத்தமாக வாசிக்கட்டும். பாஸ்டருடைய சம்பளமும் அந்தத் தாளில் ஒரு வரியாக இருக்கட்டும், வெளிநாட்டிலிருந்து வந்த தொகையும் இருக்கட்டும். ஹட்டன், பொகவந்தலாவ, பண்டாரவளை, எந்தப் பக்கமானாலும் சரி, உங்கள் சபையில் ஏற்கெனவே இப்படி வாசிக்கிறார்கள் என்றால் எந்த முறையில் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எங்கள் சபைக் கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது, கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.